அண்ணாந்தண்ணன் பார்க்காத எரிகல்

லிஃப்ட் கம்பெனியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு மேலே பார்ப்பார். பொழுது சாய்ந்தால் வானத்தைப் பார்ப்பார். அதனால் முதலில் ‘அண்ணாந்தான்’ என்று வைத்தார்கள். தலையில் நரை விழுந்த பிறகு, வயசான மனுஷனை அப்படிக் கூப்பிடுவது நன்றாக இல்லை என்று யாருக்கோ தோன்றி ‘அண்ணாந்தண்ணன்’ ஆக்கிவிட்டார்கள். “கழுத்துக்கு கிரீஸ் போட்டுக்குங்கண்ணே, அப்புறம் குனிஞ்சு சாப்பிட முடியாமப் போயிடும்” என்று ஸ்டோர் ரூம்காரர் சொன்னால் அவரும் சேர்ந்து சிரிப்பார். கேலி அவருக்கு உறைக்காது. உறைக்கிற விஷயங்கள் வேறு இருந்தன. அவற்றைக் கம்பெனியில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு மின்வெட்டில். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். இவர் மொட்டைமாடியில் இருந்த மெஷின் ரூமுக்கு ஓடி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றிச் சுற்றி லிஃப்டை ஒரு தளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். உள்ளே இருந்தவர்கள் இறங்கி அவரவர் வழியில் போய்விட்டார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றபோது ஊர் முழுக்க ஒரு விளக்குகூட இல்லை. பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருப்பவருக்குத் தலைக்கு மேலே அத்தனை நட்சத்திரம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கோடு இழுத்துக்கொண்டு போய் மறைந்தது. சத்தமே இல்லை. வாழ்நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் கிடந்தவர். அவ்வளவு வேகமாகப் போகிற ஒன்று சத்தம் போடாமல் போவதை அவர் பார்த்ததில்லை. மறுபடி மின்சாரம் வந்து தெருவிளக்குகள் எரிந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக மின்சாரம் வந்ததற்காக எரிச்சல்பட்டார்.

கல்யாணப் படம் எடுக்கிற ஒருவரிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கினார். முதல் வருஷம் எடுத்ததெல்லாம் குப்பை. நட்சத்திரங்கள் பஞ்சு பஞ்சாய் வந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். இருக்கிறதிலேயே பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும்வரை லென்ஸின் வளையத்தைத் திருப்பி, அசையாமல் இருக்க அதன்மேல் டேப் ஒட்ட வேண்டும். ட்ரைபாட்டின் நடுவில் பையைத் தொங்கவிட்டால் காற்றில் ஆடாது. பனி இறங்கி லென்ஸ் மங்கும். அதற்கு ஒரு பழைய காலுறையில் சூடு தரும் பொட்டலத்தைப் போட்டு லென்ஸைச் சுற்றிக் கட்ட வேண்டும். அப்புறம் கேமரா தானாகவே விடாமல் எடுத்துக்கொண்டிருக்கும். விடிந்தபின் பார்த்தால் நூற்றுக்கணக்கான படங்களில் விமானமும் செயற்கைக்கோளும் கோடு போட்டிருக்கும். எரிகல் மட்டும் கேமரா பார்க்காத பக்கமாகப் பார்த்து விழுந்திருக்கும்.

இதில் அவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸ் துடைக்கிற துணி வாங்கப்போய்ப் பேச்சுக் கொடுத்ததில் ஒட்டிக்கொண்டவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊருக்கு வெளியே இருட்டான இடம் தேடி அலைந்தார்கள். ஒரு இடத்தில் செங்கல்சூளை வெளிச்சம், இன்னொரு இடத்தில் நாய்கள், மற்றொன்றில் காவல்காரர் இவர்களைக் கம்பி திருட வந்தவர்கள் என்று நினைத்து விடியும்வரை உட்கார வைத்துவிட்டார். கடைசியில் கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி அகப்பட்டது. நான்கு பக்கமும் பாறைச் சுவர்; ஊர் வெளிச்சம் எட்டிப் பார்க்க முடியாது. ஒரே ஒரு மண்பாதை. எப்போதாவது வழி தவறிய லாரி உள்ளே வந்து முன்விளக்கை அடித்தால் அந்த ராத்திரியின் படமெல்லாம் வீண். லாரி என்றாலே அண்ணாந்தண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். போனை அணைத்து வண்டிக்குள் வைத்துவிட வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் திரை வெளிச்சம் ஒரு தடவை பட்டால் போதும், மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். சட்டத்தைப் போட்டது அண்ணாந்தண்ணன்தான்.

அவர் மனைவி ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிற பகுதியில் வேலை பார்த்தாள். வாடிக்கையாளர் உடைந்த ஓட்டுத் துண்டையோ பழைய திரைச்சீலையையோ கொண்டுவந்து நீட்டி “இதே கலர்” என்பார். அதே நிறத்தைக் கொண்டுவர வேண்டும். கல்யாணமான புதிதில், ராத்திரி ராத்திரியாக வீட்டைவிட்டுப் போகிற கணவனோடு அவளும் சண்டை போட்டிருக்கிறாள். மகள் பள்ளிக்கூடத்தில் மேடை ஏறிய நாள், அவளுக்குக் காய்ச்சல் கொதித்த நாள், எல்லாம் எப்படியோ நிலா இல்லாத நாளாகவே அமைந்தன. “உங்களுக்கு வானத்துல ஒரு குடும்பம் இருக்கு. நாங்க சின்ன வீடு” என்று ஒருமுறை சொன்னாள். அவர் அதை நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். அவள் இருந்த அறைக்கு மனைவியின் அப்பா, அதாவது அண்ணாந்தண்ணனின் மாமனார், குடிவந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் எடுத்த படங்களை மேசைமேல் பரப்பிவைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். “இதுல எதுங்க மாப்பிள்ளை வித்தவுட்?” என்பார். பேசாமல் கொள்ளாமல் குறுக்கே ஓடுகிற எரிகல்தான் அவர் கணக்கில் டிக்கெட் எடுக்காத பயணி. வீட்டில் அவர் ஒருவர்தான் படங்களைப் பற்றிக் கேள்வி கேட்டவர்.

அவர்கள் இருந்தது நான்காவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பது வேறு ஒரு கம்பெனி. ஆனாலும் வீட்டிலேயே மெக்கானிக் இருக்கும்போது யார் அவர்களுக்குப் போன் போட்டுக் காத்திருப்பது? டிசம்பர் மாதம், ஒரு சாயங்காலம், லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று நின்று போனது. கட்டடச் செயலாளர் மெஷின் ரூம் சாவியைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். இவர் போய்ப் பார்த்தார். கதவுப் பூட்டில் ஸ்விட்ச் கறுத்துப் போயிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். பெரிய வேலை இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் வருஷத்திலேயே அதிகமாக எரிகல் விழுகிற இரவு. கீழே கண்ணாடிக்கடைக்காரர் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஆபத்து வேண்டாம் என்று லிஃப்டின் மின்சாரத்தை நிறுத்தினார். மெஷின் ரூமைப் பூட்டினார். “காலையில வந்து பார்க்கறேன்” என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு மாமனார் குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது, லிஃப்ட் இல்லை. ஸ்ட்ரெச்சர் மாடிப்படியின் வளைவில் திரும்பவில்லை. மனைவியும் கீழ்வீட்டுத் தையல்காரரும் ஆம்புலன்ஸ் டிரைவருமாகப் பெரியவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டி, படிப்படியாக இறக்கினார்கள். நடுவில் நாற்காலியின் கால் ஒன்று வளைந்துபோக, இறக்கிவைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி வேறு நாற்காலி வாங்க வேண்டியிருந்தது. அதற்கிடையில் அவள் கணவனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தா பேச்சைக் காப்பாத்தியிருக்கலாம்” என்றார் மருத்துவர். குறையாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

அண்ணாந்தண்ணன் விடிந்ததும் போனை உயிர்ப்பித்தார். அது துடித்துத் துடித்து அடங்கவே நேரமாயிற்று. மருத்துவமனைக்கு ஓடினார். அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும், “உள்ளே இருக்காரு. போய்ப் பாருங்க” என்றாள். திட்டுவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்து வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய் லிஃப்டைச் சரிசெய்தார். அவர் நினைத்தபடியே சின்ன வேலைதான்.

மாமனார் அதற்குப் பிறகு சில மாதங்கள் இருந்தார், பேச்சில்லாமல். அவள் வேலைக்கு விடுப்புப் போட்டு, தூக்கி, துடைத்து, ஊட்டி, எல்லாம் செய்தாள். ஒரு நாள் பெரியவர் மேசையைக் காட்டி ஏதோ சைகை செய்தார். படங்கள் கேட்கிறார் என்று அண்ணாந்தண்ணனுக்குப் புரிந்தது. எடுத்துக் கையில் கொடுத்தார். பெரியவர் அவற்றை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்து, மெதுவாகப் படங்களை உருவி, உறையில் போட்டு, கணவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

பெரியவர் போன பிறகும் அவள் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தார். லிஃப்டை நிறுத்தியதற்கு நியாயமான காரணம் இருந்தது, ஓடவிட்டிருந்தால் யாராவது நடுவில் மாட்டியிருப்பார்கள், பக்கவாதம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும் என்றெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். கேட்கத்தான் ஆளில்லை. கொஞ்ச காலம் குவாரிப் பக்கம் போகாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் கண்ணாடிக்கடைக்காரர் கூப்பிட்டபோது தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னார். “போயிட்டு வாங்க” என்று ஃப்ளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் கொடுத்தாள். சண்டை போட்ட காலத்தில் டீ கிடைத்ததில்லை. அந்த டீயை அவர் குடிக்கவில்லை. குவாரிக்குப் போய்ச் சேர்ந்ததும் கண்ணாடிக்கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார்.

இப்படியே சில வருஷம் போனது. ஒரு டிசம்பரில் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண்வலி. கண்ணாடி விற்கிறவரே கண் சிவந்து வீங்கிக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அண்ணாந்தண்ணன் வீட்டில் வந்து சொன்னார். “அப்போ தனியாவா போறீங்க?” என்றாள்.

“ஆமா. என்ன பண்றது?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, “நானும் வர்றேன்” என்றாள்.

அவருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார், வந்ததில்லை. கூப்பிடுவதை நிறுத்திய பிறகு வருகிறேன் என்கிறாள். கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார். எரிகல் என்பது பெரும்பாலும் மணல் பருமன்தான் இருக்கும், காற்றில் உரசி எரிகிறது, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது, அவசரப்படக் கூடாது. அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தாள். குவாரியில் இறங்கியதும் அவளுக்கு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, கம்பளியைப் போர்த்திவிட்டார். அவள் தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். “இவ்ளோ இருக்கா” என்று மட்டும் சொன்னாள்.

சின்னச் சின்னதாக விழ ஆரம்பித்தன. இரண்டு பேரும் பார்த்தார்கள். “அதோ” என்பார். “பார்த்தேன்” என்பாள். அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இதை முன்பே செய்திருக்கலாமே என்றுகூட நினைத்தார்.

நடுநிசி தாண்டியதும் குளிர் ஏறிப் பனி கொட்டியது. காலுறையையும் மீறி லென்ஸ் மங்கிவிட்டது. அவர் கேமராவை நிறுத்தி, சிவப்பு டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, குனிந்து துணியால் லென்ஸைத் துடைத்தார். அப்போது குவாரி முழுக்க வெளிச்சம் வந்தது.

லாரி என்றுதான் நினைத்தார். முன்விளக்கைப் போட்டுக்கொண்டு எந்த மடையனோ உள்ளே வருகிறான் என்று ஆத்திரத்தோடு மண்பாதைப் பக்கம் திரும்பினார். பாதை வெறுமையாக இருந்தது. அதன் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அவருடைய நிழல் அவர் காலடியிலிருந்து நீண்டு, பாறைச் சுவரில் ஏறி, வேகமாகப் பக்கவாட்டில் ஓடியது. நிழல் ஓடுகிறது என்றால் வெளிச்சம் ஓடுகிறது என்று அவருக்கு உறைத்து, அவர் திரும்பி அண்ணாந்தபோது முடிந்துவிட்டது. வானத்தில் புகைபோல ஒரு தடம் மட்டும் மின்னிக்கொண்டு கிடந்தது. டார்ச் வாயிலிருந்து விழுந்தது. துணி இன்னும் லென்ஸின்மேல் இருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டு, கேமராவைத் திருப்பி, பொத்தானை அழுத்துவதற்குள் தடம் வளைந்து நெளிந்து கலைந்தது. பிறகு வெகுதூரத்தில் எங்கோ கனமான கதவைச் சாத்தியதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்திருந்தாள். முகம் மேலே பார்த்தபடி.

“பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“முழுசா?”

“ஆரம்பத்துலேர்ந்து.”

அவர் அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். “எப்படி இருந்துது? சொல்லு. என்ன கலரு? எங்கேர்ந்து வந்துது? உடைஞ்சுதா?”

அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். “குளிருது. கிளம்பலாமா?” என்றாள்.

வண்டியில் அவருக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே. மேலே பாருங்கன்னு. ஒரே ஒரு வார்த்தை.”

“கூப்பிட்டிருக்கலாம்” என்றாள்.

மறுநாள் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. பெட்ரோல் பங்க் கேமராவில் பதிந்திருந்தது, பள்ளிக்கூட வாசல் கேமராவில் பதிந்திருந்தது. எல்லாவற்றிலும் திரை முழுக்க வெள்ளையாக வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. கண்வலியோடு வீட்டுக்குள் படுத்திருந்த கண்ணாடிக்கடைக்காரர்கூட ஜன்னல் பளிச்சிட்டதைப் பார்த்திருந்தார். “என்னண்ணே, உங்காளு வந்துட்டுப் போயிட்டாராமே, பார்த்தீங்களா?” என்று ஸ்டோர் ரூம்காரர் கேட்டார். “பார்த்தேன்” என்று அண்ணாந்தண்ணன் பொய் சொன்னார். அதோடு விடாமல் எல்லாரும் சூழ்ந்துகொண்டு எப்படி இருந்தது என்று கேட்க, வேலை இருக்கிறது என்று லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டார்.

வீட்டில் கேட்டுப் பார்த்தார். சாதாரணமாகக் கேட்டார், கெஞ்சிக் கேட்டார், எரிச்சலோடு கேட்டார். “அதான் பார்த்தேன்னு சொன்னேனே” என்பதற்குமேல் அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. மகளிடம் போனில் நைசாக விசாரித்தார். “அம்மா எங்கிட்ட எல்லாம் சொன்னாங்கப்பா. சூப்பரா இருந்துதாமே. ஏன், நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?” என்றாள் அவள்.

“இருந்தேன். அம்மா என்ன சொன்னா?”

“அம்மாகிட்டயே கேட்டுக்குங்கப்பா” என்றாள்.

ஊரில் வானம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் அதை நடத்தினார். அண்ணாந்தண்ணனுக்குக் கூட்டம் ஆகாது என்பதால் அதில் சேர்ந்ததில்லை. எரிகல்லை நேரில் பார்த்தவர்கள் தொடர்புகொள்ளுங்கள், விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்று அந்தச் சங்கம் அறிவித்திருந்தது. அவர் மனைவி பெயிண்ட் கடையிலிருந்தே போன் செய்து பேசிவிட்டாள். அவருக்கு அது தெரிந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அம்மாள் வாசலில் வந்து நின்றபோதுதான்.

மனைவி வந்தவரை உள்ளே உட்கார வைத்தாள். “டீ போடறீங்களா?” என்று கணவனிடம் கேட்டாள். அவர் அடுப்பைப் பற்றவைத்தார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. பால் கொதிக்கிற சத்தத்தைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

அவள் சொன்னாள். முதலில் மற்றதைப் போலச் சின்னதாகத்தான் ஆரம்பித்ததாம். அணைந்துவிடும் என்று நினைத்தாளாம். அணையாமல் தடித்துக்கொண்டே வந்ததாம். “பச்சை. ஆனா இலைப்பச்சை இல்ல மேடம். எங்க கடையில கடல்பச்சைன்னு ஒண்ணு இருக்கு, அதுல வெள்ளை நிறையக் கலந்தா எப்படி இருக்கும், அது. நடுவுல மட்டும் சுத்த வெள்ளை. ஓரத்துல ஆரஞ்சு பொடிப்பொடியா உதிர்ந்துக்கிட்டே வந்துது. பாறை உச்சிக்கு மேல வரும்போது ரெண்டா உடைஞ்சுது. பெருசு முன்னால போச்சு, சின்னது அதுக்குப் பின்னாடியே விடாம வந்துது. முதல்ல சின்னது அணைஞ்சுது. அப்புறம் பெருசு செவப்பாயி, கறுத்து, போயிடுச்சு.” அவள் கையால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் இருந்த குதூகலத்தை அண்ணாந்தண்ணன் பல வருஷமாகக் கேட்டதில்லை. யாரோ ஒரு பெண் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது.

“ரொம்பத் தெளிவா சொல்றீங்க” என்றார் அந்த அம்மாள். “எவ்ளோ நேரம் இருந்திருக்கும்?”

“நேரமா? நல்லா நேரம் இருந்துது. இவரைக் கூப்பிடலாமா வேணாமான்னு யோசிச்சு, வேணாம்னு முடிவு பண்ற அளவுக்கு இருந்துது.”

அந்த அம்மாள் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். “சார் என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு அப்போ?”

“குனிஞ்சிக்கிட்டிருந்தாரு.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அண்ணாந்தண்ணன் துடைத்தார். மிச்சமிருந்ததில் டீ போட்டு, தட்டில் வைத்து எடுத்துப்போய், சிரித்த முகத்தோடு கொடுத்தார்.

அந்த அம்மாள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். “அப்பா விஷயம்தானே?” என்றார்.

“எந்த விஷயம்?”

“அதான். அன்னிக்கு.”

“என்னைக்கு?” அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். “சொல்லுங்க. எந்த விஷயம்?”

அவர் அடுக்கி வைத்திருந்த நியாயங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கடைசியில், “சாவி எங்கிட்ட இருந்துது” என்றார்.

“தெரியும்” என்றாள். “செயலாளர் அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டாரு. அப்பாவை நாற்காலியோட கட்டிக்கிட்டிருக்கும்போது சொன்னாரு.” டம்ளர்களைத் தொட்டியில் போட்டாள். “நீங்களா ஒரு நாள் வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன். அப்பா இருக்கும்போது பார்த்தேன், போனப்புறமும் பார்த்தேன். ஒவ்வொரு தடவை டீ போட்டுக் குடுக்கும்போதும் பார்த்தேன்.”

“இப்போ சொல்லிட்டேன்ல.”

“இப்போ உங்களுக்கு அந்தக் கல்லு எப்படி இருந்துதுன்னு தெரியணும். அதுக்காகச் சொல்றீங்க.”

அவர் மறுத்துப் பேச வாயெடுத்தார். அவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது பொய் என்று அவரால் தனக்குத்தானே கூடச் சாதிக்க முடியவில்லை.

கல் கிடைக்கவில்லை. எங்கோ நீரில் விழுந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் சங்கத்து அம்மாள் மறுபடி வந்தார். அடுத்த தடவை சங்கத்து வேனில் எல்லாரும் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டார். கூப்பிட்டது அவளை. ‘சாரும் வரலாம்’ என்று மரியாதைக்குச் சொன்னார். தனக்கு முழங்கால் வலி என்றார் அண்ணாந்தண்ணன்.

அந்த முழங்கால் வலி பிறகு குணமாகவே இல்லை. தனியாக ஒரு தடவை குவாரிக்குப் போய்ப் பார்த்தார். ட்ரைபாட்டை நிறுத்தி, நட்சத்திரத்தை ஊசிமுனையாக்கி, எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் குனிய முடியவில்லை. குனிந்தால் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்று தோன்றித் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாதி ராத்திரியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் கேமரா பீரோவில் இருக்கிறது. கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவரும் சங்கத்து வேனில் ஏறிக்கொண்டார்.

நிலா இல்லாத இரவுகளில் இப்போது அவள் போகிறாள். கம்பளியையும் மடக்கு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். அவர் தூங்குவதில்லை. போனைத் தலைமாட்டில், சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவள் ஒருநாளும் அழைத்ததில்லை.

போன டிசம்பரிலும் போனாள். அவர் படுக்கையில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து மொட்டைமாடிக்குப் போனார். ஊர் வெளிச்சத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது என்றாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். ஒரு துண்டு மேகம் கிடையாது. அந்த ஊர் வெளிச்சத்தையும் மீறி இரண்டு மூன்று விழுந்தன. விடிவதற்குள் கண்ணாடிக்கடைக்காரரிடமிருந்து போனில் படம் வந்துவிட்டது. குவாரியின் பாறைச் சுவர், அதற்குமேல் குறுக்கே நீளமாக ஒரு கோடு, ஓரத்தில் மடக்கு நாற்காலியில் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். ‘இந்த மாதிரி ராத்திரி பார்த்து வருஷமாச்சு’ என்று கீழே எழுதியிருந்தார்.

அவள் வெளிச்சம் வந்த பிறகு வந்தாள். தலைமயிரில் பனி. செருப்பைக் கழற்றி, கம்பளியை உதறிக் கொடியில் போட்டாள். முகம் கழுவிக்கொண்டு வந்தவளிடம், “எப்படி இருந்துது?” என்று கேட்டார். பல மாதங்களாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி.

அவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

“மேகமூட்டம்” என்றாள். “ஒண்ணும் தெரியல.”

“அப்படியா” என்றார் அண்ணாந்தண்ணன். போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பால் காய்ச்ச எழுந்து போனார்.